ஓவர்லாக் செல்வத்தின் பொட்டலம்

வெள்ளிக்கிழமை, இரவு

எங்கள் பனியன் யூனிட்டில் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் டெய்லர் செல்வத்தை இன்று போலீசில் பிடித்துக் கொடுத்தேன். அவனிடம் கஞ்சாப் பொட்டலம் இருப்பது திங்கட்கிழமையே தெரியும். ஷிப்மெண்ட் அவசரம். பொட்டலத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "பீஸை முடி, யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன். பயத்தில் நாலு நாளும் ரெண்டு ஆள் வேலையைத் தைத்தான்.

மதியம் லாரி கிளம்பியதும் வந்து நின்றான். வர்ற திங்கட்கிழமையிலிருந்து முதலிபாளையத்தில் வேறு கம்பெனிக்குப் போகிறானாம். சரி கண்ணு என்று சிரித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன்.

ஜீப்பில் ஏறும்போது கேட்டான்: "ஏனுங்கக்கா, அண்ணன் குடிக்கறதுக்குக் கவர்மெண்டே கடை வெச்சிருக்குது. இதையும் சட்டம் உட்டுட்டா என்னங்க கெட்டுப்போவுது?"

அண்ணன் என்றது என் வீட்டுக்காரரை. குடித்துவிட்டு இதோ கூடத்தில் கிடக்கிறார். எந்தப் போலீஸ் வரப்போகிறது?

செல்வம் கேட்டது நியாயம்தான். ஆனால் சட்டம் விட்டுவிட்டால் எதைக் காட்டி ஒருத்தனை அப்படித் தைக்கவைப்பேன்?

சாயங்காலம் புது டெய்லர் ஒருவன் வேலை கேட்டு வந்தான். சட்டையில் அதே கஞ்சா வாடை. உடனே சேர்த்துக்கொண்டேன்.