மரியதாசின் தோள்பை

மார்கழி 14, திங்கள்
ஐம்பது அடிக் குழாய். கூடத்தில் உறுமும் உயிர்வளிக் கருவியிலிருந்து என் மூக்கு வரை. அவ்வளவே என் நாடு. வாசற்படல் வரை செல்லலாம். எதிர்த் தேநீர்க் கடைக்குப் பத்தடி குறைகிறது. இன்று அந்தக் கடையில் மரியதாஸ் நின்றான். முப்பது ஆண்டுகளாகப் பட்டிமன்றங்களில் என் எதிரணியில் அமர்பவன். அவனுக்கும் நுரையீரல் பழுதுதான். ஆனால் அவன் கருவி ஒரு தோள்பைக்குள் அடங்கிவிட்டது. ஏம்பலத்திலிருந்து பேருந்தில் வந்தானாம். கையசைத்தான். நான் செய்தித்தாளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டேன்.

மார்கழி 17, வியாழன்
அதே தோள்பை எனக்கும் வேண்டுமென்று மருத்துவரிடம் கேட்டுவர மனைவியை அனுப்பினேன். மஞ்சுளா கொண்டுவந்த விடை: "அவுருக்கு நிமிசத்துக்கு ரெண்டு லிட்டரு காத்து போதுமாம். உங்களுக்கு எட்டு வேணும். அந்தப் பையில அவ்ளோ வராதாங்க."
நோயிலும் அவனே முந்திவிட்டான்.

மார்கழி 25, வெள்ளி
பாகூரில் காணும் பொங்கலன்று பட்டிமன்றம்: ‘உழவைக் காப்பது ஏரியா, ஆழ்துளைக் கிணறா?’ ஏரி அணிக்கு நான், கிணற்றணிக்கு அவன். விழாக் குழுவின் வீரமணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "ஐயா, முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளு பாத்துக்கறோம். மரியதாஸ் ஐயா வந்துடுவாரு, அவுருக்குப் பிரச்சனையில்ல."
வருவேன் என்றேன். எப்படி? தெரியாது. இந்த மேடையை விட்டால் இனி எவரும் என்னை அழைக்கப்போவதில்லை— அது தெரியும்.

மார்கழி 28, திங்கள்
இடுப்பளவு உயர உயிர்வளி உருளை ஒன்று, நான் இழுக்கும் வேகத்துக்கு மூன்று மணி நேரம் தாங்கும். இரண்டு உருளை, ஒரு தள்ளுவண்டி, வாடகைக்கு ஒரு சிறு சரக்குந்து. மஞ்சுளா கேட்டாள்: "பேசப் போறீங்களா, அவுரப் பாத்து வயிறெரியப் போறீங்களா?"
இரண்டுக்கும்தான் என்று சொல்லவில்லை.

தை 3, சனி
புறப்படுகிறேன். உருளைகளுக்கு நடுவே வேட்டி கசங்காமல் உட்கார வழியே இல்லை.

தை 4, ஞாயிறு
நேற்று என்னையும் உருளையையும் மேடையேற்ற நால்வர் வேண்டியிருந்தது. மரியதாஸ் தானே படியேறினான், கைத்தட்டல் அவனுக்கு.
நான் பேசினேன். குரல் இருந்தது, அதுவே போதும். பிறகு அவன் எழுந்தான். ஐந்தாம் மணித்துளியில், ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே, அவன் பை எச்சரிக்கையாய்க் கூவத் தொடங்கியது, மூச்சு வாங்கிப் பேச்சை நிறுத்தினான். மூக்கால் இழுக்கும் மூச்சை உணர்ந்தால்தான் அது வளி தருமாம். வாயால் மூச்சு வாங்கி முழங்குபவனுக்கு ஒன்றும் தராதாம். என் உருளையோ கேளாமலே கொட்டிக்கொண்டிருக்கும். மகிழ்ந்தேன். மறைப்பானேன், நன்றாகவே மகிழ்ந்தேன்.
பிறகு அரங்கைப் பார்த்தேன். ஊரே இரக்கத்தோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தாள். என்னை நாலு பேரு தூக்கினு வந்தப்ப எவளும் அழலியே. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒலிவாங்கியை இழுத்து, அவன் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தேன். முப்பது ஆண்டு கேட்ட வாதம். அவனைவிடத் திருத்தமாகவே சொன்னேன். ஏரி வறண்ட ஆண்டில் கரும்பைக் காத்தது எது என்று முழங்கினேன். அரங்கம் எழுந்து தட்டியது.
நடுவர் தீர்ப்பு: ஆழ்துளைக் கிணறே.
மரியதாஸ் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யோவ், உன் கட்சிய நீயே தோக்கடிச்சிட்டியேய்யா."
"கைத்தட்டல் எனக்கு."
"வச்சுக்க. உன் எட்டு லிட்டரு எனக்கு இருந்தா விடிய விடியப் பேசுவேன். உன்னப் பாத்தா எனக்கு எரியுதுய்யா."
என்னைப் பார்த்தா?

தை 11, ஞாயிறு
அடுத்த பட்டிமன்றம் வில்லியனூரில். இருவரையும் அழைத்துள்ளனர். மரியதாஸ் பேருந்தில் வரமாட்டானாம். என் சரக்குந்தில்தான் ஏறுவானாம்.
அவன் பேசும் நேரத்துக்கென மூன்றாவதாக ஒரு சிறிய உருளைக்குச் சொல்லிவிட்டேன். அவன் வாக்கியங்களை இனி அவனே முடிக்கட்டும். இம்முறை நான் வெல்ல வேண்டும்.