ஆன் ஆச்சா?

மார்ச் 3, செவ்வாய்

காலையில் லேப்டாப் ஆன் ஆகவில்லை. பட்டனை அமுக்கினால் விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. காபி குடித்துவிட்டு வந்து அமுக்கினேன், ஒன்றுமே நடக்காதது போல ஆன் ஆனது. மத்தியானம் பாதி மெயிலில் அணைந்துவிட்டது.

வேலைக்குத் திரும்பி இது இரண்டாவது நாள். கட்டில், மேசை விற்கிற கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் எழுதுவதுதான் என் வேலை. கால் ஆடுகிறது, இழுப்பறை சிக்குகிறது, கேட்ட நிறம் வரவில்லை. எல்லாருக்கும் வருந்துகிறோம் என்று எழுதுகிறேன். முன்பு ஹாலில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுவேன். இப்போது சின்ன அறை. அதற்குக் கதவு இருக்கிறது, சாத்திக்கொள்ளலாம். குழந்தைக்கென்று வைத்திருந்த அறை. நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது.

எழுதிவிட்டேன். அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியிலும் வரவில்லை.

மார்ச் 4, புதன்

இவர் ஆபீஸுக்குக் கிளம்புமுன் வந்து பார்த்தார். “சார்ஜரைப் பிடுங்கிட்டு பட்டனை அமுக்கிப் பிடி. உள்ள தேங்கின கரண்ட் போயிடும். அப்புறம் ஆன் ஆகும்.” செய்தேன், ஆன் ஆனது. இவர் முகம் தெளிந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எதையோ ஒன்றைச் சரிசெய்துவிட்டார் அல்லவா.

பத்து மணிக்குப் போன். “ஆன் ஆச்சா?” அதற்குள் இரண்டு தடவை அணைந்திருந்தது. ஆச்சு என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

புதுச் சார்ஜர் வாங்கி வந்தார். அதிலும் அதே கதை.

அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று கூடக் கேட்கவில்லை, “லேப்டாப் சரியாச்சா?” என்றுதான் ஆரம்பித்தாள். அம்மாவுக்கு லேப்டாப்பைத் திறக்கக்கூடத் தெரியாது. “ஒரு மாசமா மூடியே வெச்சிருந்தியே, அதுல கெட்டிருக்கும். எதையும் சும்மா போட்டு வெக்கக்கூடாது.” சரிம்மா. “மாப்பிள்ளைகிட்ட சொல்லி நல்ல கடையில காட்டு.” சரிம்மா. அம்மா, எனக்கு — என்று தொடங்கினேன். “உடம்பைப் பார்த்துக்கோ, அடுப்புல ஏதோ தீயுது” என்று வைத்துவிட்டாள்.

அவள் வீட்டு அடுப்பு என்னோடு பேசும்போதெல்லாம் தீய்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

கொழுந்தன் வந்தான். கம்ப்யூட்டர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “அண்ணி, நோயாளி எங்க?” என்றான். சொன்ன பிறகு அவனுக்கே உறைத்தது. காது சிவந்துபோயிற்று. நான் லேப்டாப்பைக் கொண்டுவந்து ஹால் மேசையில் வைத்தேன். எல்லாருக்கும் நிம்மதி.

அடிமூடியைக் கழற்றினான். ஒரு சின்ன மெமரிப் பட்டையை உருவி, அதன் பல்வரிசையை அழிரப்பரால் துடைத்தான். ஊதினான். பொருத்தினான். ஆன் ஆனது. அணைத்து மறுபடி போட்டான், ஆன் ஆனது. “தூசி அண்ணி, வெறும் தூசி! இதுக்குப் போய் சார்ஜர் வாங்கியிருக்கான் பாருங்க உங்க வீட்டுக்காரன்.” இவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன், வாய் இழுபட்டது தெரிந்தது.

சாயங்காலம் முழுக்க மூன்று பேரும் லேப்டாப்பைப் பற்றியே பேசினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். எங்கள் வீட்டில் இப்போது எல்லாருக்கும் அது கைவந்த கலை. யாராவது தப்பித்தவறி நெருங்கிவிட்டால் “அது” என்கிறார்கள். அது நடந்தப்போ. அதுக்கப்புறம்.

மார்ச் 9, திங்கள்

சின்ன அறை. ஆன் ஆகவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மேலாளர் பேசினாள். கனிவாகத்தான் பேசினாள். “உன் நிலைமை புரியுது. ஆனா பதில் போகாத மெயில் குவிஞ்சு கிடக்கு. இந்த வாரத்துக்குள்ள சரியாகலன்னா வேற ஆளைப் போடச் சொல்றாங்க.” பயப்பட வேண்டிய செய்தி. வரட்டும் என்று காத்திருந்தேன், பயமும் வரவில்லை. போய்த் துணி மடித்தேன்.

மார்ச் 11, புதன்

ரிப்பேர் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். கடை நடத்துகிற பெண் என் வயதிருப்பாள். ஒருநாள் வைத்துப் பார்க்கணும் என்றாள்.

சாப்பிடும்போது பேச எதுவும் இல்லை. லேப்டாப் கடையில் இருக்கிறதே. இவர் தட்டையே பார்த்துச் சாப்பிட்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். எனக்கும்தான்.

மார்ச் 12, வியாழன்

“நேத்துல இருந்து அணைச்சு அணைச்சுப் போட்டுப் பார்க்குறேன், ஒரு தடவைகூட மக்கர் பண்ணல” என்றாள் கடைக்காரப் பெண். “டாக்டரைப் பார்த்ததும் பல்வலி போயிடுமே, அந்த மாதிரி. பேட்டரிதான் செத்துப்போச்சு. கரண்ட் ஒழுங்கா வந்தா ஓடும், கொஞ்சம் விட்டு விட்டு வந்தாலும் படுத்துக்கும். வீட்ல எங்க சொருகுறீங்க?”

சின்ன அறையில். கொழுந்தன் ஹாலில் சொருகினான், ஓடியது. இத்தனை பேர் வைத்தியம் பார்த்தோமே, சுவரைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். வீட்டில் மற்ற பிளக் பாயின்டுகள் எல்லாம் பழுத்து மஞ்சளாகிவிட்டன. இது மட்டும் வெள்ளை வெளேரென்று புதுசு. துளைகளுக்குள் சின்ன மூடிகள், விரலோ குச்சியோ உள்ளே போகாதபடி. பிளக்கை எவ்வளவு அழுத்தினாலும் அந்த மூடிகள் கொஞ்சம் வெளியே தள்ளிவிடுகின்றன.

இவர் வந்து சட்டைகூட மாற்றவில்லை. இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

“நான்தான் மாத்தினேன்.”

“எப்போ?”

“உனக்கு ரெண்டாம் மாசம். அம்மா வீட்டுக்குப் போயிருந்தியே, அப்போ.”

“இதுதான் கோளாறுன்னு தெரியுமா?”

குனிந்து அந்த மூடியை விரலால் தடவினார். மறுபடி கேட்டேன்.

“முதல் நாளே சந்தேகம்தான்.”

“அப்புறம் எதுக்கு சார்ஜர்? எதுக்கு உங்க தம்பி? எதுக்குக் கடை?”

“சொன்னா இதைக் கழட்டணும்ல” என்றார்.

கத்தினேன். ஐயோ, அப்படிக் கத்தினேன். என் வேலை போயிருந்தா என்ன பண்ணுவீங்க, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா, நான் என்ன சுவரா, என்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போற நீ — நீ என்றே சொல்லிவிட்டேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆபீஸ் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

இப்போது தொண்டை எரிகிறது. இத்தனை நாளில் எனக்கென்று வந்த முதல் உணர்ச்சி கோபம்தான். கோபமாவது வந்ததே.

ரெண்டாம் மாசம்! குழந்தை பிறந்து, தவழ்ந்து, சுவர் வரைக்கும் வர ஒன்றரை வருஷம் ஆகுமே. அவ்வளவு அவசரமா இந்த மனுஷனுக்கு?

மார்ச் 13, வெள்ளி

பேசவில்லை. ஆனால் அது பழைய பேசாமை இல்லை.

மார்ச் 14, சனி

காலையில் திருப்புளியோடு சின்ன அறைக்குள் போனார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதால் வீடு முழுக்க அமைதி. வெகு நேரம் சத்தமே இல்லாததால் எட்டிப் பார்த்தேன். ஒரு திருகாணியைப் பாதி கழற்றிவிட்டு அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இருக்கட்டும்” என்றேன். “நான் ஹாலுக்கே போயிக்கிறேன்.”

திருகாணியைத் திருப்பி முறுக்கினார். இரண்டு பேருமாக மேசையைத் தூக்கி ஹாலில் போட்டோம். நிலைப்படியில் இடித்து என் விரல் நசுங்கியது. கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் காட்டினார். வலி போன பிறகும் விடவில்லை.

மார்ச் 18, புதன்

நாள் முழுக்க ஓடியது. குவிந்த மெயிலில் பாதி முடித்தேன். மேலாளரிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

மார்ச் 22, ஞாயிறு

மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் ஹாலில் தம்பியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். அவன் எதைக் கேட்டிருப்பான் என்று தெரியும்.

“ம், ஓடுது. பிளக்லதான் கோளாறு.” நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, “டேய், குழந்தை போனதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்லடா” என்றார்.

குழந்தை என்றார். இந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து எத்தனை நாளாயிற்று. குழாயை மூடினேன். சோப்புக் கையோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், போனை என்னிடம் நீட்டினார்.

“அண்ணி” என்றான் கொழுந்தன். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. எதற்கும் ஒரு வைத்தியம் கையில் வைத்திருக்கிறவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

“அழுடா, பரவாயில்ல” என்றேன். “இங்கயும் ரெண்டு பேர் அழுதுட்டுதான் இருக்கோம்.”