மூணு நட்டு

ஏங்க, நேத்துக் காலையில உங்க காரோட பின் சக்கரத்துல ஸ்பேனரை வச்சேன். நட்டு சுத்தவே இல்லை, பேசாம கையோட வந்துருச்சு. திருப்பிப் பார்த்தா உள்ளுக்குள்ள கறுப்புப் பசை. தண்ணிக்குழாய் ஒழுகினா அடைப்பீங்களே, அதே பசை. சக்கரத்தைப் பிடிச்சு நிக்கிற நாலு ஸ்டட் போல்ட்டுல ஒண்ணு அடியோட ஒடிஞ்சு கிடக்கு. அது மேல வெறும் நட்டை ஒட்டி வச்சு, மூடியையும் மாட்டிட்டுப் போயிருக்கீங்க. நீங்க போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. எனக்குத் தெரியாம இன்னும் எம்புட்டு மறைச்சு வச்சிருக்கீங்கன்னு வாசல்ல உக்காந்து சத்தமாவே கேட்டேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தா. பார்க்கட்டுமே, எனக்கென்ன.

நம்ம மக இன்னைக்குப் பேரையூர்ல இருந்து வர்றதா இருந்தா. "அப்பா காரை நான் எடுத்துக்கிறேம்மா, இங்க பஸ்ஸுக்கு நின்னே கால் வீங்கிப் போகுது"ன்னு போன் பண்ணியிருந்தா. அவ ஓட்டிக்கிட்டுப் போற வண்டியாச்சேன்னுதான் மூடியை நெம்பி எடுத்துச் சோதிச்சேன். அந்தக் கோளாறு பிடிச்ச பழக்கம் உங்களுக்குத் தெரியாததா?

ஒரு தடவை அழகர்கோவில்ல இருந்து திரும்புறப்ப, பஞ்சர் ஒட்டினவன் சரியா இறுக்காம விட்டு, சக்கரம் லொடலொடன்னு ஆடுச்சே. அன்னைக்குப் பிடிச்ச பயம். அதுக்கப்புறம் எங்க கிளம்பினாலும், டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்பேனரை மாட்டி நீங்க இறுக்கணும். நீங்க இறுக்கினது போதாதுன்னு நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அது மேல ஏறி நிப்பேன். "போதும்டி, சக்கரம் எங்கயும் ஓடிராது"ன்னு சொல்லுவீங்க. "உங்களுக்கு எல்லாத்துலயும் அசட்டைதான்"னு நான் இன்னும் ஒரு மிதி மிதிப்பேன்.

அப்புறம், நீங்க போறதுக்கு ஆறு மாசம் முந்தி ஒரு நாள், பளபளன்னு நாலு மூடி வாங்கி மாட்டினீங்க. "நானே நல்லா இறுக்கிட்டேன். இனிமே கழட்டினா மூடி உடைஞ்சுபோகும்"னீங்க. அழகா இருக்குன்னு நானும் ஊரெல்லாம் பெருமையடிச்சேன். கடைசி ஆறு மாசம் அந்த மூணு நட்டுலதான் என்னை வச்சு ஓட்டியிருக்கீங்க. நானும் பக்கத்துல உக்காந்துக்கிட்டு, மெதுவாப் போங்க, பிரேக்கைப் பிடிங்கன்னு உங்களுக்குப் பாடம் நடத்தியிருக்கேன்.

டவுனுக்குள்ள லேத் பட்டறை வச்சிருக்கிற உங்க சிநேகிதர் சிக்கந்தர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "தங்கச்சி, மூணு நட்டுல அதைத் தெருவைத் தாண்ட விடாதீங்க, நானே வாரேன்"னு புது ஸ்டட்டோட திருப்பரங்குன்றத்துக்கு நம்ம வீட்டுக்கே வந்துட்டாரு. முன் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கினோம். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழட்டி, ஒடிஞ்ச துண்டைச் சுத்தியலால தட்டி வெளியேத்தினாரு. புதுசைப் பின்னாடி இருந்து சொருகி, முன்னாடி நாலஞ்சு வாஷரைப் போட்டு நட்டை முடுக்க முடுக்க, அது கொஞ்சங்கொஞ்சமா உள்ள வந்து உக்காந்துச்சு. டார்ச் பிடிச்சதும் வாஷர் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

"இது எப்படிண்ணே ஒடிஞ்சது?"ன்னு கேட்டேன்.

அந்த மனுசன் பழைய துண்டை என் உள்ளங்கையில வச்சாரு. "கழுத்து எப்படி மெலிஞ்சிருக்கு பாருங்க. ஏறி ஏறி மிதிச்சா இரும்பும் இழுபடும் தங்கச்சி. ஒரு நாள் அறுந்துரும். மாத்திருவோம்னு நான் அப்பவே சொன்னேன். 'பட்டறையில விட்டா ஏன் எதுக்குன்னு கேப்பா. நீ மிதிச்சுத்தான் ஒடிஞ்சதுன்னா வீடு தாங்காது'ன்னு அவருதான் ஒட்டச் சொன்னாரு."

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. "வேற என்னென்னத்தைண்ணே ஒட்டி வச்சாரு? அதையும் சொல்லிருங்க"ன்னு கத்தினேன்.

அவர் ரொம்ப நேரம் கையைத் துடைச்சாரு. "சத்தியம் வாங்கியிருந்தாரும்மா. அல்லா மன்னிக்கட்டும். பட்டறையில ரெண்டு தடவை நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. வீட்ல சொல்லுங்கன்னேன். 'டாக்டர்கிட்ட போறதுக்குள்ள அவ போடுற சத்தத்துலயே நெஞ்சு நின்னுரும்'னு சிரிச்சாரு. கிறுக்குப் பய, நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன்."

கூடவே இருந்தவளுக்கு ஒண்ணுமே தெரியலையாக்கும்னு உங்க சொந்தக்காரங்க கேட்டது ரெண்டு வருஷமா என்னைக் குடைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கென்ன ஜோசியமா தெரியும், மனுசன் வாயைத் திறந்து சொன்னாத்தானேன்னு பதிலுக்கு உங்களையே வைவேன். ஆனா நீங்க வாயைத் திறந்தீங்க. நீங்க போன அன்னைக்குச் சாயங்காலம் வடைத் தட்டைத் தள்ளி வச்சுட்டு, "நெஞ்சு லேசா கரிக்குது"ன்னீங்க. நான் விட்டேனா? "தின்னாதீங்கன்னா கேக்குறீங்களா, எனக்குன்னு வந்து வாச்சிருக்கீங்க பாருங்க"ன்னு ஆரம்பிச்சேன். உடனே, "நெஞ்சு இல்லடி, முதுகு. தைலம் தேச்சு விடு"ன்னு திரும்பி உக்காந்தீங்க. வஞ்சுக்கிட்டே முதுகுல தேச்சேன். பாவி, முதுகுல தேச்சேங்க.

சக்கரத்தை மாட்டி நாலு நட்டையும் அண்ணன் இறுக்கினாரு. என் கால் தன்னால ஸ்பேனருக்குப் போச்சு. "கையால இறுக்கினதே போதும்மா. அம்பது கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒருக்கா பாத்துக்கச் சொல்லுங்க"ன்னு தடுத்துட்டாரு. காலை இழுத்துக்கிட்டேன். மக போற எடத்துல எதாச்சும் ஆயிருமோங்கிற பயம் மட்டும் இன்னும் போகலை.

இன்னைக்கு மக வந்தா. நட்டுக் கதை, உங்க நெஞ்சுவலி, நான் தேச்ச தைலம், எதையும் விடாம சொன்னேன். "அவரு மறைக்கலைடி, நான்தான் சொல்ல விடலை"ன்னேன். அழுவான்னு நினைச்சேன். அவ அழலை, என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா.

"அம்மா, ஒண்ணு சொன்னா கத்த மாட்டியே?"

"சொல்லுடி."

"பொங்கலுக்குக் காய்ச்சல், வரலைன்னு சொன்னேன்ல? காய்ச்சல் இல்லம்மா. மூணு மாசம் தங்கிக் கலைஞ்சிருச்சு. ஆஸ்பத்திரியில கிடந்தேன். பஸ்ல அலைஞ்சதாலதான்னு நீ கத்துவன்னு சொல்லலை."

நான் கத்தலைங்க. அவ தலையை மடியில சாய்ச்சுக்கிட்டேன். பொங்கலன்னைக்குக் காலையில அவளுக்குப் போன் போட்டு, அம்மா வீடு கசந்துபோச்சா, மாமியா வீடுதான் ஒசத்தியான்னு அரை மணி நேரம் வஞ்சது நான்தானே. வயித்துப் பிள்ளையைப் பறிகொடுத்துட்டு அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு, நான் ஓயிற வரைக்கும் "சரிம்மா, சரிம்மா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்கா.