சூசைராஜுக்கான வரிகள்

என்செலடஸ் பனி நிலையம். மார்ச் 3, 09:10
பதிவு: நப்பின்னை, நிலையப் பொறியாளர். எல்லாம் வழக்கம்போல். இன்று வீட்டுக்குப் பிரதி அனுப்பும் நாள்.

இதைக் கண்டெடுப்பவருக்காகச் சொல்லிவைக்கிறேன். சனிக்கோளின் இந்த நிலவிலிருந்து குரலை அனுப்ப வழியில்லை, எழுத்து மட்டும்தான் போகும். ஆகவே நாங்கள் பேசுவதை இயந்திரம் வானொலி நாடகப் பிரதியாக்குகிறது. இடப்பக்கம் பெயர், அடைப்புக்குள் தொனி, ஒலிக்குத் தனி வரி. பூமியில் இன்னோர் இயந்திரம் அதை எங்கள் குரலிலேயே நடித்துக்காட்டும். அங்கிருந்து வருவதும் அப்படித்தான். வடிவத்தைச் சரிபார்ப்பது என் தலையில் விழுந்த வேலை. ஒருமுறை அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டேன். இங்கே என்னோடு இருக்கும் சூசைராஜ், பூமியில் தன் மனைவி ரெஜினாவிடம் "கொஞ்சலாக" என்ற குறிப்பையும் உரக்கச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சூசைராஜ்: (சிரித்தபடி) ரெஜி, புள்ள உதைக்குதா?

ரெஜினாவின் போன பதிலில் பாதிப் பேச்சில் குக்கர் விசில் புகுந்திருந்தது. அதையும் அப்படியே விட்டேன்.

மார்ச் 5, 16:40
பனி பிளந்தது. துளைக்கருவியைச் சரிசெய்ய வெளியே போன சூசைராஜ் பிளவுக்குள் விழுந்துவிட்டார். கயிற்றை இழுத்தேன். அறுந்த நுனிதான் வந்தது. மின்னாக்கியும் பாதி போயிற்று. இங்கே நாங்கள் இருவர்தான். எனக்கு அழுகை வரவில்லை, அந்த ஆள்மீது ஆத்திரம்தான் வருகிறது.

ரெஜினாவுக்கு இது ஒன்பதாம் மாதம்.

மார்ச் 10, 09:00
பிரதி நாள். மேலிடத்துக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் அவள் காதுக்குப் போகாமல் இருக்காது. பிரசவம் முடியட்டும். இடப்பக்கம் அவர் பெயரைத் தட்டினேன்.

சூசைராஜ்: (களைப்பாக) இங்க வேல ஜாஸ்தி ரெஜி. நீ நேரத்துக்குச் சாப்புடு, என்ன?
ஒலி: மின்னாக்கி இரைச்சல்.

சரிபார்க்க ஒலிக்கவிட்டேன். ஆள் என் முதுகுக்குப் பின்னால் நின்று பேசியதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 24, 11:30
பதில் வந்தது.

ரெஜினா: (மகிழ்ச்சியாக) பொம்பளப் புள்ள பொறந்திருக்குங்க. அப்படியே உங்க மூக்கு.
ஒலி: குக்கர் விசில்.
ரெஜினா: தூங்குதா. பொறவு பேசுதேன்.

தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். இனி உண்மையைச் சொல்லிவிடலாம். அடுத்த வாரம் சொல்கிறேன்.

ஏப்ரல் 14, 10:15
சொல்லவில்லை. அவரை எழுதாத நாளில் நிலையம் ரொம்பவும் அமைதியாகிவிடுகிறது. சூட்டைக் குறைத்துவிட்டேன். கையுறையோடு தட்டுகிறேன், பிழை வருகிறது.

இன்னொன்று உறுத்துகிறது. ரெஜினாவின் பிரதிகளில் திருத்த எதுவுமே இல்லை. அவள் பேசி முடித்த பிறகே குழந்தை அழுகிறது. குக்கர் எந்தக் காலத்தில் வாக்கியம் முடியும்வரை காத்திருந்தது? என் கள்ளப் பிரதிகளில்தான் மின்னாக்கி அப்படி மரியாதையாக இரையும்.

பூமியில் பிரதி சரிபார்க்கும் உவைஸுக்கு நேராகவே கேட்டு அனுப்பினேன்: "ரெஜினாவின் வரிகளை எழுதுவது யார்?"

ஏப்ரல் 14, 15:50
உவைஸிடமிருந்து: "அக்கா, ரெஜினா அக்கா பிரசவத்துலயே போயிட்டாங்க. அந்தப் பனிக்காட்டுல கெடந்துக்கிட்டு சூசை அண்ணன் எப்படித் தாங்குவாரு? அதான் நானே எழுதுதேன். புள்ள நல்லாருக்கு, சித்திகாரி வளக்கா. அண்ணன் குரலப் போட்டாத்தான் தூங்குது. அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா."

மூன்று முறை படித்தேன். இத்தனை நாளும் செத்தவர்கள் இருவர் ஒருவரையொருவர் சாப்பிட்டாயா என்று விசாரித்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. சிரிப்பை நிறுத்த முடியாமல் பயந்துபோனேன்.

ஏப்ரல் 15, 08:20
உவைஸுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மின்னாக்கி நின்றுவிட்டது. மிச்ச மின்சாரத்தைச் சூட்டுக்குத் தந்தால் நான் இன்னும் சில நாள் இருப்பேன், பிரதி அனுப்பும் கருவிக்குக் கிடைக்காது. மீட்புக் கலம் அதற்குள் எப்படியும் வந்து சேராது. அந்தப் பிள்ளைக்கு அப்பாவின் குரல் இருக்கிறது, வரிதான் வேண்டும். அவர் எப்படிப் பேசுவார் என்று உவைஸுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அனுப்பும் கருவிக்கே கொடுத்துவிட்டேன்.

சூசைராஜ் பற்றிய குறிப்பு: கோபம் வந்தால் குரல் தாழும். பொய் சொல்லும்போது மூக்கை உறிஞ்சுவார். பிள்ளையோடு பேசினால் பேச்சைவிடச் சிரிப்புதான் அதிகம் இருக்கும். பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார், ஆகவே வரிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடு.

ஏப்ரல் 16
மணி தெரியவில்லை. திரை மங்கல். விரல்

உவைஸிடமிருந்து: "குறிப்பு வந்துருச்சு அக்கா. புள்ளைக்கான வரிய நான் பாத்துக்கிடுதேன். உங்க தம்பி குமரேசன் தெனமும் போன் போடுதாரு. அவருகிட்ட எந்த வாயால சொல்ல? பழைய பிரதியெல்லாம் வச்சு உங்களையும் எழுதிப் பாத்தேன். சரியா இருக்கான்னு சொல்லுங்க."

நப்பின்னை: (எரிச்சலாக) டேய் குமரேசா, எனக்கு ஒண்ணுமில்ல. மொதல்ல அந்தச் சொத்தைப் பல்ல போய்ப் புடுங்கு.

ஒலிக்கவிட்டேன். நானேதான். குமரேசனால் கண்டுபிடிக்க முடியாது. நான் இப்போது பேசினால்தான் சந்தேகப்படுவான். அந்தக் குரலில் எனக்குக் குளிரவே இல்லை.

அவனுக்கு ஒரு வரியாவது நானே எழுத வேண்டும்

நப்பின்னை: