படி இல்லாத வீட்டில் விழுந்தவன்

குசினி மூலையில் ஒரு அரிசிச் சாக்கு கிடக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சமையலுக்கு வந்ததில் மிஞ்சியது. உன் அக்கா என் கையில் திணித்துவிட்டார். இன்று காலை கட்டை அவிழ்த்தபோது தவிட்டுத் தூசு மூக்கில் ஏறியது. நீ வேலையால் வந்து ஜாக்கெட்டைக் கழற்றும்போது வீசுகிற அதே மணம். திரும்பக் கட்டி வைத்துவிட்டு வெறும் பாண் துண்டைத் தின்றேன்.

அது எந்தக் கடைச் சாக்கு என்று உனக்குத் தெரியும். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் நீ வேலை செய்த மொத்த விற்பனைக் கடை. உன் தலையில் விழுந்ததும் அங்கேயிருந்த அரிசிதான். நீங்கள் எல்லோரும் 'அண்ணை' என்று கூப்பிடுகிற முதலாளி, உன் அந்தியேட்டிக்கு அரிசியை இலவசமாக அனுப்பினார். மண்டபத்தில் சனம் அவருடைய மனதைப் புகழ்ந்துகொண்டே சாப்பிட்டது.

நாளைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு வழக்கறிஞரிடம் போகிறேன். அதற்கு முன் உன்னோடு கதைக்க வேண்டும்.

பிளேஸ்டோவில் இந்த வீட்டில் நாம் ஒன்றாக இருந்த காலத்தில், நான் சட்டப் புத்தகத்தோடு மேசையில் இருந்தால் நீ சும்மா விடமாட்டாய். ஒருவருடைய கவனக்குறைவால் இன்னொருவருக்கு வரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்று கேட்கிற சட்டம் உனக்குப் பிடித்துப்போனது. சண்டைக்காரச் சட்டம் என்று அதற்குப் பெயர் வைத்தாய். வெங்காயம் வெட்டிக்கொண்டே வழக்குக் கொண்டுவருவாய். பேருந்தில் உன் காலை மிதித்தவன், சூடான தேநீரை மடியில் ஊற்றியவன், தண்ணீர் சொட்டுகிற கூரையைத் திருத்தாத வீட்டுக்காரன். பிறகு நீதிபதி குரலில் கேட்பாய்: "கடமை இருந்ததோ? மீறினவரோ? அதாலதான் நடந்ததோ? நட்டம் என்ன? தீர்ப்பை வாசியும்."

ஒருநாள் நீ கொண்டுவந்த வழக்கு வேறு மாதிரி இருந்தது.

"மச்சான், ஒரு முதலாளி. அரிசி மூட்டையைக் கூரை மட்டும் அடுக்கி வைச்சிருக்கிறார். சுவரில தட்டு இல்லை, கட்டு இல்லை. வேலை செய்யிறவன் சொல்லிப்போட்டான், அண்ணை உது ஒருநாளைக்குச் சரியும் எண்டு. நத்தார்ப் பண்டிகை வியாபாரம் முடியட்டும், தட்டு அடிப்பம் எண்டு அவர் சொல்லிப்போட்டார். விழுந்தால்?"

"முழுப் பொறுப்பும் அவருக்குத்தான். முன்கூட்டியே தெரியும். சொல்லியும் இருக்கு. தடுக்கிற வழியும் கஷ்டமில்லை. ஏன்டா, உங்கட கடையோ?"

"சும்மா கேட்டன். நீ சோதினைக்குப் படி."

பிறகு அந்தப் பின்னேரம். வழமைக்கு முந்தி வந்தாய். தலையில் சின்னக் கட்டு, கையில் மாத்திரைப் பெட்டி. மூட்டை சரிந்தது என்றாய். அண்ணையே தன் வானில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே இருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டார் என்று பெருமையாகச் சொன்னாய்.

"ஆஸ்பத்திரியில என்னெண்டு சொன்னனி?"

"வீட்டுப் படியில வழுக்கினன் எண்டு."

"டேய், எங்கட வீட்டில படி எங்க இருக்கு?"

நீ ஒரு கணம் வாசலைப் பார்த்தாய். தெருவிலிருந்து நேரே காலெடுத்து வைக்கிற கீழ்த்தட்டு வீடு. கதவடியில் ஒரு கல்கூட உயரமில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நோகுது நோகுது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவர் சொல்லச் சொன்னவரோ?"

"இல்லை மச்சான். அவர் வாயே திறக்கேல்லை. நானாத்தான் சொன்னனான். விசா இல்லாமல் நான் நிண்ட நேரம் ஆர் வேலை தந்தது? மூட்டை விழுந்ததெண்டு சொன்னால் கவுன்சில்காரன் சோதிக்க வருவான், கடையை மூடுவான். எங்கட ஆளை நானே காட்டிக் குடுக்கிறதோ?"

திரும்பிப் போவோம், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று டொக்டரிடம் சொல் என்று கத்தினேன். "நாளைக்கும் தலையிடிச்சால் போவம்" என்றாய். பிறகு கண்டிப்பாகச் சொன்னாய்: "இது உனக்கும் எனக்கும் மட்டும். ஒருத்தருக்கும் சொல்லாதை."

காலையில் நீ எழும்பவில்லை. மண்டைக்குள் இரத்தம் கசிந்திருந்தது என்றார்கள். படியில் வழுக்கினேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னவனுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் மண்டையைப் படம் பிடித்துப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல ஏலாது. அதைத்தான் நாளைக்கு வழக்கறிஞர் முதலில் கேட்கப் போகிறார்.

எனக்கு அண்ணையில் வந்த கோபம் மூட்டைக்காக மட்டுமல்ல. நீ பொய் சொன்னபோது அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கேட்டுக்கொண்டு இருந்தார். அவர் உன்னை மிரட்டத் தேவையில்லை. விசா இல்லாதவனுக்கு ஒருமுறை வேலை கொடுத்தால் போதும், ஆயுள் முழுக்க அவன் தானாகவே வாயை மூடிக்கொள்வான். இந்த ஊரில் எங்கள் ஆட்களின் எத்தனை கடைகள் இந்த நன்றியில் நடக்கின்றன! மலிவாக ஆள் கிடைத்த கதையை உதவி செய்த கதையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

அந்தியேட்டி மண்டபத்தில் அவர் என்னிடம் வந்தார். தோளில் கை போட்டார்.

"தம்பி லோ படிக்கிறீராமே. நல்லது. உந்த வழக்குக் கிழக்கு எண்டு அக்காவைக் குழப்பாதையும். எங்களுக்குள்ள கதைப்பம். அவன் வீட்டுப் படியில விழுந்ததெண்டுதானே ஆஸ்பத்திரியில சொன்னவன்."

"எங்கட வீட்டில படி இல்லை அண்ணை."

பக்கத்து மேசைச் சனம் திரும்பிப் பார்த்தது. அவர் கையை எடுத்தார். முகம் சிவந்துவிட்டது.

"நான் கடையை ஒழுங்காத்தான் வைச்சிருக்கிறன். வந்து பாரும். எல்லாம் தட்டு அடிச்சு அடுக்கியிருக்கு."

சோறு பரிமாறிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. நகரத்தின் மறுபக்கத்து டூட்டிங்கிலிருந்து அழுதுகொண்டு வந்து, அழுதுகொண்டே உனக்குக் கிரியை செய்தவர். அவர் மெதுவாகக் கேட்டார்:

"எப்ப அடிச்சனீங்கள்?"

"போன கிழமை."

"அவன் செத்தாப் பிறகோ?"

அக்கா அகப்பையைச் சட்டிக்குள் விட்டார். "இப்ப அடிக்கேலுமெண்டால் அப்ப ஏன்..." என்று தொடங்கினார். உன் அத்தான் வந்து அவரை உள்ளே கூட்டிப் போனார். என் புத்தகத்தில் பல பக்கங்களுக்கு இழுக்கிற கேள்வி அது. அன்றிரவு நீ சொன்னதையெல்லாம் அவருக்குச் சொன்னேன்.

அத்தானுக்கு இன்னும் விருப்பமில்லை. "செத்த வீட்டில முன்னுக்கு நிண்டவரை வழக்குப் போட்டுக் கோட்டில ஏத்துறதோ? நாளைக்கு எந்த முகத்தோட கோயிலுக்குப் போறது?" என்கிறார். அக்கா நேற்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். ஒன்று மட்டும் கேட்டார்: "அவன் உன்னட்டைச் சொன்னதை நீ அங்க சொல்லுவியோ தம்பி?"

"சொல்லுவன் அக்கா."

மூட்டை சரிந்ததை உன்னைத் தவிர வேறு யாரும் சொல்லவில்லை. கூட வேலை செய்தவர்கள் கண்டார்கள். ஆனால் இப்போது அவர்கள் என்னைக் கண்டால் தெருவைக் கடந்து மற்றப் பக்கம் போகிறார்கள். அவர்களுக்கும் அந்த வேலை வேண்டும். ஆகவே இருப்பது என் வாய் மட்டும்.

வெல்லுவோம் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். அண்ணையின் பக்கத்து வழக்கறிஞர் எழும்பி, இறந்தவர் தானே பொய் சொன்னார், தன் உயிருக்குத் தானே உலை வைத்தார் என்பார். பொறுப்பில் ஒரு பங்கை உன் தலையில் போடப் பார்ப்பார். அதற்கு நான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்: ஓம், என் நண்பன் பொய் சொன்னான். எல்லோர் முன்னாலும் உன்னைப் பொய்யன் என்று சொல்லப் போகிறவன் நான்தான். யாருக்காகப் பொய் சொன்னான் என்பதையும் சேர்த்தே சொல்வேன். அவர் பக்கத்தில் இருந்ததையும் சொல்வேன்.

ஒருத்தருக்கும் சொல்லாதே என்றாய். கோபமென்றால் கோபப்படு.

இப்போதெல்லாம் எந்தக் கடைக்குள் போனாலும் வாசலில் நின்று முதலில் மேலே பார்க்கிறேன். பின்னால் வருகிறவர்கள் முதுகில் முட்டிக்கொள்கிறார்கள், திட்டுகிறார்கள். பார்த்துவிட்டுத்தான் போகிறேன். வெங்காயம் வெட்டும்போது உன் குரலும் வருகிறது. கடமை இருந்ததோ?

இருந்தது மச்சான். அது அவருக்கு உன்மேல் இருந்தது. நீ அதைத் தலைகீழாக்கி, உனக்கு அவர்மேல் இருக்கிறது என்று நினைத்துவிட்டாய். நாளைக்கு அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வருகிறேன்.