கடுகெண்ணெய் தடவிய தடி

ருனுவின் அப்பாவுக்கு,

தூங்கும் உங்களை எழுப்பவில்லை. சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். ருனுவை என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன்.

நேற்று சணல் மில் வாசலில், வேலைநிறுத்தத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷெபாலியின் மண்டையை உடைத்தது உங்கள் தடிதான். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டாள்: "மில் காவலுக்கு நின்னா, பூஜைக்கு என் கையால பாயசம் வாங்கித் தின்ன உன் புருஷனுக்கு என்னை அடையாளம் தெரியாதாடி?"

இன்று மானேஜரை அறையிலேயே சுற்றி வளைத்து உட்காரப் போகிறோம். முதல் வரிசையில் நான். எங்களை அடிக்கச் சொல்லி உங்களுக்கு உத்தரவு வரும். என்னையாவது அடையாளம் தெரிகிறதா பார்ப்போம்.

பி.கு.: தடியைத் தேடாதீர்கள். தினமும் கடுகெண்ணெய் தடவி வைத்திருந்தீர்களே, நன்றாகவே எரிந்தது. சோறு அதில்தான் வெந்தது.