தாம்பாளத்தின் பின்பக்கம்

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம். விடுமுறை. காலிமுகத்திடல் பக்கம் விமானங்கள் இரைந்துகொண்டிருந்தன. நான் தெஹிவளையில் ஒரு வெற்று வீட்டின் குசினித் தரையில் இருந்து பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போன கிழமை மெல்போர்னுக்குப் போய்விட்டார்கள். சாவி காவலாளியிடம். விற்கக்கூடியதை விற்று, பாதியை அவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

இதுதான் வேலை. போகிறவர்கள் விட்டுப்போவதைப் படமெடுத்து, 'பழசு' என்ற என் முகநூல் பக்கத்தில் ஏலம் விடுவது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் கேட்பார்கள். கொழும்பில் இருப்பவர்கள் பார்ப்பதோடு சரி. ஞாயிறு மாலை ஏலம் முடியும்.

இன்று கிடைத்தவை: பல்வைத்தியர் ஒருவர் காலால் மிதித்துப் பல் துளைத்த இயந்திரம். திறப்பு இல்லாத பெட்டகம். ஒரே ஆளின் பெயர் வெட்டிய எவர்சில்வர் கிண்ணங்கள், ஒரு பெட்டி நிறைய. அவர் செத்த முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்து மிஞ்சியவை. முன்பின் தெரியாத ஒரு செத்த மனிதரின் பெயரில் யார் ரசம் குடிப்பார்கள்?

பேராதனையில் நாலு வருடம் சமூகவியல். அதற்கு இது செய்முறைப் பரீட்சையா?

முதுகு வலிக்கிறது.

பெப்ரவரி 9, ஞாயிறு

பல் துளைக்கும் இயந்திரத்தை லண்டனில் ஒருவர் எடுத்தார். கிண்ணங்களை ஒருவரும் கேட்கவில்லை. அம்மா ஒன்றில் உப்புப் போட்டு வைத்திருக்கிறாள். "பாவம், சும்மா கிடக்கிற மனுசன்தானே. உப்பை வச்சிருக்கட்டும்."

பெப்ரவரி 10, திங்கள்

இரண்டாம் மாடிக் கொழுந்து அன்ரி படியேறி வந்தார். முழுப்பெயர் சிவக்கொழுந்து. தனியே இருக்கிறார். ஒரே மகன் பிரசாந் ரொறன்ரோவில். அவனைத் தம்பி என்பார். லிப்டில் யாரைக் கண்டாலும் "தம்பி அனுப்பினவன்" என்றுதான் கதை தொடங்கும். தம்பி அனுப்பிய காசு, தம்பி அனுப்பிய குளிசை, தம்பி அனுப்பிய சப்பாத்து.

இன்று அந்த வசனம் வரவில்லை. பழைய சேலைத் துண்டில் சுற்றிய பித்தளைத் தாம்பாளம் ஒன்றை மேசையில் வைத்தார். அவருடைய கலியாணத்துக்கு வந்தது.

"ஆற்ற எண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, பிள்ளை."

"தெரியாது அன்ரி."

"கொம்மாவுக்கும்."

குசினிக்குள் இருந்து அம்மா, "எனக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்றாள்.

அன்ரி சிரிக்கவில்லை. சேலைத் துண்டை நாலாக மடித்தார். பிறகு, மெதுவாக: பிரசாந்துக்கு வேலை போய் மாதக்கணக்காகிறது. அவன் சொல்லவில்லை. அவனோடு வேலை செய்தவனின் தாய் சொல்லித்தான் தெரியும்.

"அவன் அடுத்த மாசம், அடுத்த மாசம் எண்டுறான். நானும் ஓம் ஓம் எண்டுறன். என்ர பிள்ளையை ஒருத்தரும் குறைவாக் கதைக்கக்கூடாது. அவ்வளவுதான்."

தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

பெப்ரவரி 13, வியாழன்

புறக்கோட்டையில் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனை. அர்ஷாத்தின் பொலிஷ் கடை. அவருடைய கண்ணிமைகளிலும் பித்தளைத் தூள். தாம்பாளத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் பேரா? கலியாணத்துக்குக் குடுக்கிற தட்டுல தண்ட பேர வெட்டாட்டி ஒங்கட ஆக்களுக்குத் தூக்கம் வராது போல."

பின்பக்க விளிம்பில், புள்ளி புள்ளியாக: *அன்பளிப்பு. வே. நாகேந்திரம், கொக்குவில். 1989.*

"அழிச்சிடவா, ஈக்கட்டுமா?"

யோசித்தேன். கொடுத்தவரின் பெயர்தானே. அன்ரியின் பெயர் எங்கும் இல்லை. பெயர் இருந்தால் ஏலம் கேட்பவர்களும் கூடுவார்கள்.

"இருக்கட்டும்" என்றேன்.

பெப்ரவரி 15, சனி

தாம்பாளத்துக்கு எழுதிய குறிப்பு:

*1989. கொக்குவில். நிலம் அதிர்ந்துகொண்டிருந்த ஓர் ஆண்டில் யாரோ ஒருவர் யாரோ ஒரு மணமகளுக்கு இதைக் கொடுத்தார். அவள் இதில் எதையெல்லாம் ஏந்தினாள்?*

பின்பக்கத்தின் படத்தை முதலில் போட்டேன். விலை மளமளவென்று ஏறுகிறது. 'என்ன ஒரு எழுத்து' என்று யாரோ. அதை மூன்று தரம் வாசித்தேன். கம்பசை விட்ட பிறகு நான் எழுதிய முதல் நல்ல வரி இதுதானோ. ஒரு தட்டுக்கு!

பெப்ரவரி 16, ஞாயிறு

மாலை. ஏலம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தனுஷியா என்று ஒருத்தி, ரொறன்ரோவில் இருந்து, எல்லோரும் பார்க்க எழுதுகிறாள்:

'ஐயோ இது எங்கட அப்பா சிவக்கொழுந்து மாமின்ர கலியாணத்துக்குக் குடுத்த தாம்பாளம் எல்லோ? அவர் பேர் வெட்டுவிக்க நான்தான் கூடப் போனனான். மாமிக்கு என்ன நடந்தது? பிரசாந் எங்க?'

அழித்தேன். முழுப் பதிவையும் அழித்தேன். அதற்குள் அதைத் திரையோடு படமெடுத்துவிட்டார்கள். அம்மாவின் போனுக்கே இரண்டு இடத்தில் இருந்து வந்துவிட்டது.

என்ன செய்துபோட்டன். கடவுளே, என்ன செய்துபோட்டன். குடுத்தவை மறப்பினமே? ஆருக்கு என்ன குடுத்தது, அவை திருப்பி என்ன குடுத்தவை எண்டு தலைமுறைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிற சனம். எனக்கு இது தெரியாதே? இதுக்குள்ள பிறந்து வளர்ந்தவள்தானே நான்?

பெப்ரவரி 17, திங்கள்

இரண்டாம் மாடி. மூன்று தரம் மணி அடித்தேன். கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவள், விளக்கம் சொல்லத் தொடங்கினேன். உங்கட பேர் அதில இருக்கேல்லை அன்ரி, அதுதான்—

"நான் உன்னட்டைத் தாம்பாளத்தைத் தந்தனான், பிள்ளை. என்னைத் தரேல்லை."

கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 18, செவ்வாய்

தனுஷியாவின் ஆட்கள் வட்சப்பில் குழு தொடங்கியிருக்கிறார்கள். 'சிவக்கொழுந்து மாமிக்கு உதவுவோம்.' முகப்பில் நான் எடுத்த தாம்பாளப் படம். ஒளி நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

உள்ளே ஒருவர்: 'பெத்த தாயைச் சட்டி பானை விக்க விட்டிட்டு அங்க என்ன செய்யிறார் பெடியன்?'

அன்ரி பயந்த அதே வசனம். ஏறக்குறைய அதே சொற்கள்.

பெப்ரவரி 20, வியாழன்

தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பெயரை அழிக்க. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அர்ஷாத் கதை முழுவதையும் கேட்டார். "ரொறன்ரோ வரைக்கும் போன பேர இந்த மெசினால அழிக்கேலா தங்கச்சி" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். பிளேன்ரீ சொல்லிவிட்டார். குடித்தேன். தாம்பாளத்தோடு திரும்பினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த பெண், பூசைக்கா என்று சிங்களத்தில் கேட்டாள். ஓம் என்றேன்.

பெப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. ஒவ்வொரு வருடமும் அன்ரி கோயிலால் வந்து விபூதி தந்துவிட்டுப் போவார். எங்கள் நாலாம் மாடியில் மற்ற வீடுகளுக்குக் கொடுத்த சத்தம் கேட்டது. எங்கள் கதவைத் தாண்டிப் போனது.

மார்ச் 2, ஞாயிறு

ஏலம் இல்லை. இது இரண்டாவது கிழமை. நுகேகொடையில் ஒரு கம்பனியில் ஆள் எடுக்கிறார்களாம், அம்மா விசாரித்திருக்கிறாள். "நாள் முழுக்கக் கொம்பியூட்டருக்கு முன்னால இருக்கிறதுதான். ஆற்ற குடும்பத்துக்குள்ளயும் போகத் தேவையில்லை."

குத்திக் காட்டவில்லை. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

தாம்பாளம் என் அறைக் கதவுக்குப் பின்னால். மூன்று தரம் கொண்டுபோய் அன்ரியின் வாசலில் வைத்தேன். மூன்று தரமும் திரும்ப எங்கள் வாசலில்.

நேர்மையாக ஒன்றை எழுத வேண்டும். பெயரை அழிக்காமல் விட்டது விலைக்காக இல்லை. விலை ஒரு சாட்டு. அந்த வரியை எழுத எனக்கு அந்தப் பெயர் தேவைப்பட்டது.

மார்ச் 8, சனி

பின்னேரம் மணி அடித்தது. கொழுந்து அன்ரி. உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பிரசாந் போன் எடுத்தவன்."

கதவை முழுதாகத் திறந்தேன்.

"ஆரோ அந்தக் குறூப்பை அவனுக்கும் அனுப்பிப்போட்டினம். முதல் என்னை நல்லா ஏசினவன். ஏன் வித்தனீங்கள், ஆரைக் கேட்டு வித்தனீங்கள் எண்டு. பிறகு அழுதவன். பிறகுதான் வேலை போனதைச் சொன்னவன். நானும் இப்பத்தான் கேக்கிற ஆள் மாதிரிக் கேட்டனான்."

அம்மா பின்னால் வந்து நின்றாள். ஒரு கதிரையை இழுத்து வைத்தாள். அன்ரி அதைக் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சேர்த்த காசைத் திருப்பிக் குடுக்கச் சொல்லிப்போட்டன். எனக்கு ஒருத்தற்ற தானமும் வேண்டாம். தாம்பாளத்தைத் திரும்பப் போடு. பாவம் பாக்கிறவை காசைக் குடுத்துக் கேட்டு எடுக்கட்டும்."

"பேரை அழிக்கட்டோ அன்ரி?"

"அது ஏன்? என்ர பேரையும் போடு."

அங்கேயே, நின்றபடி, போனில் எழுதினேன். வரி ஒன்றும் வரவில்லை. வரவிடவும் இல்லை.

*பழைய பித்தளைத் தாம்பாளம். கொடுத்தவர்: வே. நாகேந்திரம், கொக்குவில், 1989. பெற்றவரும் விற்பவரும்: சிவக்கொழுந்து, வெள்ளவத்தை. ஏலம் நாளை மாலை முடியும்.*

அன்ரி போனை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, வாய்க்குள் முணுமுணுத்து வாசித்தார்.

"அந்தப் 'பழைய' எண்டதை எடு. முப்பது வருசத்துக்கு மேல விளக்கி வச்சிருக்கிறன். பழசாம்."

எடுத்தேன்.

"தேத்தண்ணி—" என்று அம்மா தொடங்கினாள்.

"வேண்டாம்."

என்னைப் பார்க்காமலே திரும்பினார். நான் கதவைச் சாத்தவில்லை. லிப்ட் வர நேரமாகியது. வந்தபோது உள்ளே யாரோ இருந்திருக்க வேண்டும். கதவு மூடுமுன் அன்ரியின் குரல் கேட்டது, வழமையான அந்தப் பெரிய குரல்:

"தம்பி கதைச்சவன்."